எல்லாப் பெட்டிக்கும் நடுவே 12 பிக்சல் விட்டால் ஏன் குழம்புகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருப்பூரில் ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்கு (துணி தைத்துக் கொடுக்கிற இடம்), வருகிற பீஸ், போகிற பீஸ் கணக்கு வைக்க ஒரு ஆப் எழுதியிருக்கிறீர்கள். போனில் பிரவுசரில் திறக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதேதான். ஃபாரத்தில் எட்டுப் பெட்டிகள்: பார்ட்டி பெயர், டி.சி. எண் (சரக்கோடு வரும் டெலிவரி சலானின் எண்), தேதி, ஸ்டைல் எண், கலர், சைஸ் வாரியாகப் பீஸ், ரேட், குறிப்பு. எல்லாவற்றுக்கும் நடுவே 12 பிக்சல் (திரையை அளக்கும் புள்ளி அளவு) இடைவெளி. சூப்பர்வைசர்கள் டி.சி. எண்ணைக் கொண்டுபோய் ஸ்டைல் எண் பெட்டியில் போடுகிறார்கள். ‘நெருக்கமாக இருக்கிறது, கொஞ்சம் தாராளமாக விடு’ என்று யாரோ சொன்னதால் எல்லா இடைவெளியையும் 24 ஆக்கினீர்கள். இப்போது சேமி பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது, தப்பும் நிற்கவில்லை. எத்தனை பிக்சல் விட்டால் சரிவரும் என்கிறீர்கள்.

எண்கள் தருகிறேன், ஆனால் அதற்கு முன் ஒன்று. 12-லும் 24-லும் இருக்கிற கோளாறு ஒன்றேதான்: எல்லா இடைவெளியும் சமம். ‘ஸ்டைல் எண்’ என்ற லேபிளுக்கு மேலே 12 பிக்சல் தள்ளி ஒரு பெட்டி, கீழே 12 பிக்சல் தள்ளி இன்னொரு பெட்டி. அந்த லேபிள் எந்தப் பெட்டிக்குச் சொந்தம்? உட்கார்ந்து நிதானமாகப் படித்தால் தெரியும்தான். ஒரு கையில் பண்டிலை (பீஸ் கட்டை) பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, மறு கை கட்டைவிரலால் அடிப்பவருக்குத் தெரியாது. அவர் கவனக்குறைவாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரை அவரிடம் எதையும் சொல்லவில்லை. 24 ஆக்கியபோது அதே குழப்பத்தைப் பெரிய அளவில் வைத்தீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பாருங்கள். கூறுக்குள் பழங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கூறுக்கும் கூறுக்கும் நடுவே சாக்கு தெரியும். கோடு போடவில்லை, எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எது ஒரு கூறு என்று யாரும் கேட்பதில்லை. திரையிலும் கண் இதைத்தான் முதலில் செய்கிறது, எழுத்தைப் படிப்பதற்கு முன்பே. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-ல் வெளியிட்ட கட்டுரையில் வெறும் புள்ளிகளை வைத்தே இதைக் காட்டினார். சம இடைவெளியில் வைத்த புள்ளிகள் ஒரே வரிசையாகத் தெரியும். இரண்டிரண்டாக நெருக்கி வைத்தால் ஜோடிகளாகத் தெரியும், வேறு மாதிரி பார்க்க முயன்றாலும் கண் திரும்பத் திரும்ப அந்த ஜோடிகளுக்கே போய்விடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈரோட்டு மஞ்சள் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் விரலி, கிழங்கு என்று இரண்டு வகை. விரலிக்குக் குறைந்த விலை, அதிக விலை, கிழங்குக்குக் குறைந்த விலை, அதிக விலை, ஆக நான்கு எண்கள். அவற்றை இரண்டுக்கு இரண்டாகத் திரையில் வைக்கிறீர்கள். பக்கவாட்டில் 8 பிக்சலும் மேல்கீழாக 24 பிக்சலும் விட்டால் விரலியின் இரண்டு விலையும் ஒரு வரியாகப் படிக்கப்படும். அதையே மாற்றி, பக்கவாட்டில் 24, மேல்கீழாக 8 விட்டால் குறைந்த விலைகள் இரண்டும் ஒரு தூணாகச் சேர்ந்துவிடும். எண்கள் அதே, எழுத்தளவு அதே, நிறம் அதே. இடைவெளி மட்டும் மாறி, சொல்லும் சேதியே மாறிவிட்டது. விற்க வந்த விவசாயிக்குத் தன் விரலிக்கு என்ன விலை என்பது முக்கியம், வியாபாரிக்கு வேறு ஏதாவது முக்கியமாக இருக்கலாம். யாருக்காகத் திரை என்பதை முடிவு செய்தால்தான் எந்தப் பக்கம் நெருக்குவது என்று சொல்ல முடியும். அதனால்தான் ‘எத்தனை பிக்சல்’ என்ற கேள்விக்கு முன்னால் ‘எது எதோடு சேரும்’ என்ற கேள்வியை வைக்கிறேன்.

சரி, உங்கள் ஃபாரத்துக்கு வருவோம். எட்டுப் பெட்டிகளும் ஒரே மாதிரி எட்டு விஷயங்கள் கிடையாது. பார்ட்டி, டி.சி. எண், தேதி மூன்றும் கையில் இருக்கிற சலானைப் பார்த்து எழுதுவது. ஸ்டைல், கலர், சைஸ் வாரிப் பீஸ் மூன்றும் பண்டிலைப் பார்த்து எழுதுவது. ரேட்டும் குறிப்பும் கடைசியில். மூன்று கூட்டம். அப்படியானால் மூன்று வகை இடைவெளி வேண்டும்: லேபிளுக்கும் அதன் பெட்டிக்கும் 4, ஒரே கூட்டத்துக்குள் ஒரு பெட்டிக்கும் அடுத்த லேபிளுக்கும் 16, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் 32.

இனி கூட்டிப் பாருங்கள். எட்டுப் பெட்டிகளில் லேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே 8 இடைவெளி, பெட்டிக்கும் அடுத்த லேபிளுக்கும் நடுவே 7 இடைவெளி, மொத்தம் 15. எல்லாம் 12 என்றால் 180 பிக்சல். எல்லாம் 24 என்றால் 360. நான் சொன்ன மாதிரி வைத்தால் எட்டு நாலு 32, ஐந்து பதினாறு 80, இரண்டு முப்பத்திரண்டு 64, ஆக 176. நீங்கள் முதலில் வைத்திருந்த நெருக்கமான திரையைவிட 4 பிக்சல் குறைவு! தாராளமாக விடு என்று சொன்னவர் கண்ட பிரச்சினை உண்மைதான், மருந்துதான் மாறிவிட்டது. உங்களிடம் இருந்த வெள்ளை இடம் போதுமானது, அது சமமாகப் பரவிக் கிடந்தது.

பட்டன் கீழே போனதற்கும் கணக்கு பார்த்துவிடலாம். பெட்டி 48 உயரம், லேபிள் வரி சுமார் 22 என்றால் எட்டுக்கு 560. அதோடு 176 சேர்த்தால் 736. 360-க்கு 800 என்ற அளவுள்ள போனில் பிரவுசரின் முகவரிப் பட்டை, கீழ்ப்பட்டை எல்லாம் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. டி.சி. எண்ணையும் தேதியையும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், இரண்டும் சலானில் சேர்ந்தே இருக்கிற விஷயம், இரண்டும் சின்ன விவரம். திரை ஓரங்களில் 16, 16 போக 328, நடுவே 16 விட்டால் ஆளுக்கு 156 பிக்சல், தாராளமாகப் போதும். இதில் ஒரு லேபிள், ஒரு பெட்டி, இரண்டு இடைவெளி என்று 90 பிக்சல் மிச்சமாகி 646 ஆகும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கலரையும் ரேட்டையும் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், அவை இரண்டுக்கும் உறவு இல்லை, பக்கத்தில் வைத்தால் இருப்பதுபோல் தெரியும். சேமி பட்டனைத் திரையின் அடியிலேயே நிலையாக நிற்க வையுங்கள், ஃபாரம் மட்டும் மேலே நகரட்டும்.

எண்கள் ஏன் 4, 16, 32 என்று நீங்கள் கேட்கலாம். கூகுள் 2014-ல் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் என்ற வடிவமைப்பு வழிகாட்டி 8-இன் மடங்குகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது, சின்ன வேலைகளுக்கு 4. இதில் மந்திரம் எதுவும் இல்லை. போன் திரைகளில் நாம் எழுதும் 1 பிக்சல் உண்மையில் ஒன்றரை, இரண்டு, மூன்று புள்ளிகளாக விரியும். 4-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 6, முழு எண். 5-ஐப் பெருக்கினால் ஏழரை, அந்த அரைப் புள்ளியை எங்காவது தள்ள வேண்டியிருக்கும், ஓரங்கள் மங்கும் அல்லது ஒரு பக்கம் ஒரு புள்ளி கூடும். அதைவிடப் பெரிய நன்மை, தேர்வு குறைவது. 4, 8, 16, 24, 32, 48 என்று ஆறு எண்களை வைத்துக்கொண்டு வேறெதையும் தொடமாட்டேன் என்று இருந்தால் 13-ஆ 14-ஆ என்று தடுமாற வேண்டாம். எனக்கு 12 பிடிக்காது என்று சொல்லவில்லை. 12-ஐயும் 16-ஐயும் ஒரே திரையில் இரண்டு வேறு உறவுகளுக்கு வைக்காதீர்கள், கண்ணுக்கு வித்தியாசம் படாது. உள் இடைவெளியைப்போல் வெளி இடைவெளி இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆப்பின் நிரலில் இந்த எண்களுக்குப் பெயர் வைக்கும்போது ‘சின்ன இடைவெளி’, ‘பெரிய இடைவெளி’ என்று வைக்காமல் லேபிள் இடைவெளி, பெட்டி இடைவெளி, கூட்ட இடைவெளி, ஓர இடைவெளி என்று உறவின் பெயரை வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் புதிதாக ஒரு பெட்டி சேர்க்கும்போது, எந்த அளவு என்று யோசிக்காமல் இது எந்தக் கூட்டம் என்று யோசிப்பார்.

அடுத்தது, பெட்டிக்குள் பெட்டி. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒவ்வொரு கூட்டத்தையும் சாம்பல் கோடு போட்ட கார்டுக்குள் வைத்து, அதற்குள் சைஸ் வரிசையை இன்னொரு கார்டுக்குள் வைத்திருக்கிறீர்கள். ஒரே எல்லைக்குள் இருப்பவை ஒரு கூட்டமாகத் தெரியும் என்பது உண்மைதான், ஸ்டீபன் பால்மர் 1992-ல் இதைத் தனி விதியாகவே எழுதினார், பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக்கூட எல்லைக்கோடு மீறிவிடும். அவ்வளவு பலமான கருவியை எல்லா இடத்திலும் எடுத்தால் அதற்குப் பலம் இருக்காது. அதோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே இரண்டு பக்கமும் பேடிங் (கோட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே விடும் இடம்) வேண்டும், அகலம் அங்கேதான் போகிறது.

360 அகலப் போனில் ஓரத்துக்கு 16, 16 போனால் 328. கார்டின் பேடிங் 16, 16 போனால் 296. உள் கார்டுக்கு 12, 12 போனால் 272. அதில் எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஐந்து பெட்டி, நடுவே நான்கு எட்டு 32 போனால் 240, பெட்டிக்கு 48. 16 அளவு எழுத்தில் ஒரு இலக்கம் சுமார் 9 பிக்சல் எடுக்கும், நான்கு இலக்கத்துக்கு 36, பெட்டிக்குள் இரண்டு பக்கம் 8, 8 சேர்த்தால் 52. ஆக 1,000 பீஸைத் தொட்டாலே கடைசி இலக்கம் வெட்டுப்படும். ‘சில நேரம் எண் பாதி தெரிகிறது’ என்று நீங்கள் கடைசியில் தனிக் கேள்வியாகப் போட்டிருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு கார்டுகளையும் எடுத்துவிட்டால் 328-இல் 32 போக 296, பெட்டிக்கு 59. நான்கு இலக்கம் சுகமாக உட்காரும். கூட்டங்களைப் பிரிக்க அந்த 32 பிக்சலும், மேலே கொஞ்சம் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பும் போதும். தலைப்பு தன் கூட்டத்தோடு நெருங்கி, மேலே இருக்கும் கூட்டத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் பாதி ஆப்களில் தலைப்பு நட்டநடுவே மிதக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த, யாரும் அதிகம் பேசாத பகுதி: தமிழ். நீங்கள் எடுத்துக்கொண்ட ரெடிமேட் டிசைன் ஆங்கில எழுத்துக்காகச் செய்தது. அதில் வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.2 அல்லது 1.3 மடங்கு இருக்கும். தமிழில் மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் வளைவும், கீழே ‘கு’, ‘டு’, ‘ழு’ என்று இறங்கும் வால்களும் உண்டு. இரண்டு வரி வந்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் முட்டும். 1.5-க்குக் கீழே போகாதீர்கள், பத்தியாக ஓடும் எழுத்துக்கு 1.6, 1.7 வைக்கலாம். இது வெறும் அழகுக்காக இல்லை. அணுகல்தன்மைக்கான, அதாவது பார்வைக் குறை போன்ற சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்துவதற்கான, வெப் விதிமுறையின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, பயனர் வரி உயரத்தை 1.5 மடங்கு ஆக்கினாலும் திரையில் எதுவும் வெட்டுப்படவோ செயலிழக்கவோ கூடாது என்று இருக்கிறது. உயரத்தை எண்ணாகப் பூட்டி வைத்த பட்டன்கள் இந்தச் சோதனையில்தான் மாட்டும். பட்டனுக்கு உயரம் கொடுக்காமல், குறைந்தபட்ச உயரமும் மேல்கீழ்ப் பேடிங்கும் கொடுங்கள்.

வரி உயரத்தைக் கூட்டினால் ஒரு பக்கவிளைவு வரும். 14 அளவு லேபிளுக்கு 1.6 வரி உயரம் என்றால் வரி 22.4 பிக்சல். ‘க’ மாதிரியான எழுத்தின் உடம்பு அதில் நடுவே ஒரு பகுதிதான், மேலும் கீழும் சில பிக்சல் காலியாகவே நிற்கும். நீங்கள் 4 என்று எழுதினாலும் கண்ணுக்கு 9, 10 போலத் தெரியும். அதனால் தமிழ் லேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே 4-ஐக்கூட 2 ஆக்கலாம், சில எழுத்துருக்களில் 0-கூடச் சரியாக வரும். ஆறு எண்களைத் தவிர வேறு வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் இங்கே நிரலில் எழுதும் எண் வேறு, கண் பார்க்கும் எண் வேறு. எழுத்துருவைப் பொறுத்து இது மாறும் என்பதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கி, எழுத்தின் அடியிலிருந்து பெட்டியின் கோடு வரை அளந்து பாருங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் வசதியைத் தமிழில் தொடவே வேண்டாம். ஆங்கிலத் தலைப்பை அப்படி விலக்கினால் மிடுக்காக இருக்கும். தமிழில் ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பும் காலும் தன் எழுத்தோடு ஒட்டி இருப்பதால்தான் அது எதைச் சேர்ந்தது என்று சட்டென்று தெரிகிறது. சுற்றிலும் இடம் விரிய விரியச் சொல் துண்டு துண்டாகத் தெரியும். நெருக்கம் உறவைச் சொல்லுகிறது என்பது நம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

நீளமும் ஒரு பிரச்சினை. லேபிளைப் பெட்டிக்கு இடப்பக்கம் வைத்தால், இருப்பதிலேயே நீளமான தமிழ்ச் சொல்லுக்குத் தகுந்தாற்போல் எல்லா லேபிளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும், போனில் பாதி அகலம் அதிலேயே போய்விடும். சின்னச் சொல்லுக்கும் அதன் பெட்டிக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம் வேறு வரும், உறவு அறுந்துபோகும். ஆகவே போனில் லேபிள் எப்போதும் பெட்டிக்கு மேலே, இடப்பக்கம் சேர்ந்து. சொல்லையும் சுருக்குங்கள். ‘பெறப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யூனிட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், ‘வந்த பீஸ்’ போதும். இரண்டு வரி ஒரு வரியாகும், எட்டுப் பெட்டியில் அப்படி மூன்று இருந்தால் 60 பிக்சலுக்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

விரல் விஷயம். மெட்டீரியல் டிசைன் தொடும் இடம் 48-க்கு 48 இருக்கட்டும், நடுவே 8 இருக்கட்டும் என்கிறது. ஆப்பிள் 44 என்கிறது. 2023 அக்டோபரில் வந்த வெப் அணுகல் விதிமுறை 2.2 பதிப்பு குறைந்தபட்சம் 24 என்று வைத்திருக்கிறது, அது தரைமட்டம், அதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சுத்தூசியும் வேர்வையுமாக இருக்கிற விரலுக்கு 48-க்குக் குறைக்கவே கூடாது என்பது என் கருத்து. பால் ஃபிட்ஸ் 1954-ல் காட்டியபடி, ஒரு இடத்தைத் தொட ஆகும் நேரம் தூரம் கூடினால் கூடும், அந்த இடம் பெரிதானால் குறையும். அடிக்கடி தொடும் ‘சேமி’ பெரிதாகவும் விரலுக்குப் பக்கத்திலும், தொடவே கூடாத ‘அழி’ தூரத்திலும் இருக்கட்டும். உங்கள் திரையில் இரண்டும் 12 பிக்சல் இடைவெளியில் ஒரே அளவில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. தயவுசெய்து இதை இன்றைக்கே மாற்றுங்கள், மற்றதெல்லாம் அடுத்த வாரம் செய்தாலும் பரவாயில்லை. ஒரு ஷிப்ட் முழுக்க அடித்த கணக்கு ஒரு விரல் நழுவியதில் போகக் கூடாது. ‘அழி’ மேலே மெனுவுக்குள் போகட்டும், தொட்டவுடன் அழிக்காமல் ஒருமுறை கேட்கட்டும்.

இங்கேதான் பேடிங்குக்கும் மார்ஜினுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் பெறுகிறது. இரண்டும் வெள்ளை இடமாகத்தான் தெரியும். பேடிங் அந்தப் பொருளின் உடம்பு, தொட்டால் வேலை செய்யும். மார்ஜின் வெளியே, தொட்டால் ஒன்றும் நடக்காது. 24 பிக்சல் ஐகானைச் சுற்றி 12 பேடிங் கொடுத்தால் தொடும் இடம் 48 ஆகும். அதே 12-ஐ மார்ஜினாகக் கொடுத்தால் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும், விரல் மட்டும் தவறிக்கொண்டே இருக்கும்.

நிரல் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: ஒரு பகுதியை ஃப்ளெக்ஸ் என்ற அடுக்கும் முறைக்கு மாற்றியதும் இடைவெளி தானாகக் கூடிவிட்டது, ஏன் என்று. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்.-இல் சாதாரணமாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் இரண்டு பெட்டிகளின் மேல்கீழ் மார்ஜின்கள் ஒன்றோடொன்று கூட்டப்படாது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். மேலே 16, கீழே 24 என்றால் கிடைப்பது 24. ஃப்ளெக்ஸ், கிரிட் (கட்டம் கட்டி அடுக்கும் முறை) இரண்டிலும் இப்படி அடங்காது, 40 வரும். இந்தத் தலைவலிக்கு ஒரே வைத்தியம், உள்ளே இருக்கிற பிள்ளைப்பெட்டிகளுக்கு மார்ஜின் கொடுப்பதை விட்டுவிட்டு, அவற்றை அடக்கிய தாய்ப்பெட்டியில் ‘கேப்’ (பிள்ளைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) கொடுப்பது. ஒரு லேபிளுக்கு, தான் எந்தத் திரையில் எதற்குப் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்று தெரியாது. அதைச் சுற்றி எவ்வளவு இடம் என்பதை அது எப்படி முடிவு செய்யும்? அடுக்கி வைக்கிற தாய்ப்பெட்டிக்குத்தான் தெரியும். கடைசிப் பிள்ளையின் மார்ஜின் அடியில் தேவையில்லாமல் தொங்குவதும் இதனால் போகும். ஃப்ளெக்ஸுக்குள் கேப் ஃபயர்ஃபாக்ஸில் 2018-லும் குரோமில் 2020-லும் சஃபாரியில் 2021-லும் வந்துவிட்டது, இனி தயங்கக் காரணம் இல்லை. உங்கள் ஃபாரம் மூன்று அடுக்கு தாய்ப்பெட்டிகள்: வெளியே 32 கேப், கூட்டத்துக்குள் 16, லேபிளும் பெட்டியும் சேர்ந்த ஜோடிக்குள் 4 அல்லது 2. வேறு எங்கும் மார்ஜின் என்ற சொல்லே வரக்கூடாது.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இதே எண்களைக் கொண்டுபோகாதீர்கள். கணக்குப் பார்க்கிற அம்மாவுக்கு ஒரே பார்வையில் முப்பது, நாற்பது வரிகள் தெரிய வேண்டும், கையில் மவுஸ் இருக்கிறது, எதிரே பெரிய திரை. அவருக்கு 48 உயர வரி கொடுத்தால் நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருப்பார். 32 போதும். அங்கே வேறு தப்பு நடக்கும்: டேபிளைத் திரையின் முழு அகலத்துக்கும் இழுத்துவிடுவது. இடக்கோடியில் பார்ட்டி பெயர், 1,920 பிக்சல் தள்ளி வலக்கோடியில் தொகை, நடுவே பாலைவனம். கண் ஒரு வரியில் புறப்பட்டுப் பக்கத்து வரியில் போய் இறங்கும், ஒருவர் கூலி இன்னொருவர் பெயரில் படிக்கப்படும். ஒவ்வொரு தூணுக்கும் அதன் சரக்குக்கு வேண்டிய அகலம் மட்டும் கொடுத்து, மிச்ச இடத்தை வலப்பக்கம் சும்மா விட்டுவிடுங்கள். சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்களை வலப்பக்கம் சேர்த்து, எல்லா இலக்கமும் ஒரே அகலம் வருகிற அமைப்பில் வைத்தால் 1,25,000-க்குக் கீழே 98,500 வரும்போது எது பெரியது என்று நீளத்திலேயே தெரியும். சைஸ் தூண்கள் ஐந்தையும் நெருக்கி, அவற்றின் மொத்தத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மொத்தம் ஆறாவது சைஸ் போலத் தெரியும்.

எல்லாம் மாற்றியபின் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையைப் பாருங்கள். எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கும்போதும் மூன்று கூட்டம் தெரிந்தால் இடைவெளி வேலை செய்கிறது. அப்புறம் செக்கிங் டேபிள் பக்கம் போய், கைமடி (டெய்லருக்கு உதவி) வேலைக்கு வந்து இப்போதுதான் கணக்கு எழுதப் பழகும் பிள்ளை யாராவது இருந்தால் அவர் கையில் கொடுங்கள், நீங்கள் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், எந்த இடத்தில் விரல் ஒரு நொடி நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கடைசியாக, போனில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்துத் திறந்து பாருங்கள், நாற்பது வயதைத் தாண்டிய சூப்பர்வைசர்களில் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். மேல்கீழ் இடைவெளிகளை எழுத்தளவோடு வளரும்படியும், பக்கவாட்டு இடைவெளிகளை வளராமல் பிக்சலிலும் வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் உயரம் உருட்டினால் கிடைக்கும், அகலம் கிடைக்காது. சைஸ் வரிசை அப்போது ஐந்தாக நிற்காது, கிரிட்டில் பெட்டிக்குக் குறைந்தபட்ச அகலத்தையும் எழுத்தளவோடு வளரும்படி கொடுத்து, மிஞ்சியது தானாக அடுத்த வரிக்கு இறங்கும்படி விட்டிருந்தால் மேலே எஸ், எம், எல், கீழே எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று மடியும். பக்கவாட்டு கேப் 8 ஆகவே இருக்கட்டும், மேல்கீழ் கேப்பை மட்டும் 16-க்குக் குறையாமல் தனியாகக் கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 8 என்று விட்டுவிட்டால் கீழே இருக்கிற எக்ஸ்எல் லேபிள் அதற்கு மேலே இருக்கும் எஸ் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும், எக்ஸ்எல் பீஸ் எஸ் கணக்கில் ஏறும்.